பனி தாக்கிய ஒட்டுக்கள்ளிகளைப் பிழைக்க வைத்தல்

(நீலகிரி மலைக் கிராமம் ஒன்றில் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் கூடியிருந்த கூட்டத்தில், நாற்றுப்பண்ணை நடத்தும் தோட்டக்காரர் ஒருவர் ஆற்றிய உரை)



கள்ளிச் செடிகளைப் பிழைக்க வைப்பது பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். சென்ற வாரம் சமவெளியிலுள்ள என் உறவினர் ஒருவரிடம் இதைக் கூறியபோது அவர் வாய்விட்டுச் சிரித்தார். அவருடைய பாட்டனார் காலத்தில் சப்பாத்திக்கள்ளி மேய்ச்சல் நிலங்களையும் வரப்புகளையும் மூடிக்கொண்டிருந்ததாம். வெட்டியும் எரித்தும் ஒழியாத அக்கள்ளியை, 1926ஆம் ஆண்டில் இலங்கையிலிருந்து கொணர்ந்து விடப்பட்ட ஒரு செதிற்பூச்சிதான் தென்னாட்டில் அடக்கியது. “எங்கள் முன்னோர் கள்ளியைக் கொல்வதற்குப் பாடுபட்டார்கள், நீங்களோ அதற்கு வைத்தியம் பார்க்கக் கூட்டம் போடுகிறீர்கள்” என்றார் அவர். அவர் சொன்னதில் தவறில்லை. ஆனால் அவர் சொன்ன கள்ளி வேறு; நாம் பேசப்போகும் கள்ளி வேறு.

தேயிலையும் உருளைக்கிழங்கும் காரட்டும் தவிர, வீட்டின் பின்புறத்தில் தொட்டிச் செடி வளர்த்துப் பிழைக்கும் குடும்பங்கள் நம் மலையில் உண்டு. வெயிற்காலத்தில் மலைக்கு வரும் பிரயாணிகள் விரும்பி வாங்கும் தொட்டிகளில் ஒட்டுக்கள்ளியும் ஒன்று. பச்சைத் தண்டின் மீது சிவப்பு அல்லது மஞ்சள் நிற உருண்டை அமர்ந்திருக்கும் அச்செடியை நீங்கள் அனைவரும் பார்த்திருப்பீர்கள். அதை விற்கும் பருவம் ஏப்ரலும் மே மாதமும். அதைக் கொல்லும் பருவம் டிசம்பரும் ஜனவரியும். கடன் வாங்கித் தொட்டியும் மண்ணும் செடியும் வாங்கி வைத்த ஒரு பெண்மணி, ஓர் இரவின் பனியில் அத்தனையையும் இழந்துவிட முடியும். நானே இழந்திருக்கிறேன். ஆதலால் என் தவற்றையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன்பு, தண்ணீர் சுமக்கும் வேலை குறையுமென்று எண்ணி, இருநூற்றுக்கும் மேற்பட்ட ஒட்டுக்கள்ளித் தொட்டிகளை ஓடைக்கரைப் பள்ளத்தில் வரிசையாக அடுக்கியிருந்தேன். ஜனவரி மாதம், காற்றில்லை, வானத்தில் ஒரு மேகமும் இல்லை. விடியற்காலையில் புல்லெல்லாம் வெண்ணிறமாகக் கிடந்தது. வெயில் ஏறியதும் என் செடிகளின் தண்டுகள் வெந்த வெண்டைக்காயைப் போல் குழைந்து சாய்ந்தன. மறுநாளே எல்லாவற்றையும் வாரிக் குப்பைக் குழியில் கொட்டினேன். அடுத்த வீட்டு மூதாட்டி ஒருவர் நிறத்தைப் பார்த்து ஆசைப்பட்டு, அக்குப்பையிலிருந்து பதினான்கு செடிகளை எடுத்துப்போய் அடுப்பங்கரைப் பலகையில் வைத்திருந்தார். மூன்று வாரம் கழித்து அவர் வீட்டுக்குச் சென்றபோது கண்டேன்: தண்டுகள் காய்ந்து சருகாகிவிட்டிருந்தன, ஆறு உருண்டைகள் மாத்திரம் சுருங்கியும் உறுதியாகவும் இருந்தன. அவற்றை அவர் அனுமதியோடு வெட்டி வேறு தண்டுகளில் ஒட்டினேன். நான்கு பிடித்தன. குப்பையில் நான் கொட்டியவற்றுள் இவ்வாறு பிழைத்திருக்கக் கூடியவை எத்தனை என்று அன்று கணக்குப் பார்க்கவும் எனக்கு மனம் வரவில்லை.

அந்த அம்மையார் ஒன்றும் அறியாமல் செய்த காரியத்தில் சரியான வைத்தியம் பாதி அடங்கியிருந்தது. அது ஏன் என்று விளங்க வேண்டுமானால், ஒட்டுக்கள்ளி என்பது ஒரு செடியன்று, இரண்டு செடி என்பதை மனத்தில் கொள்ளவேண்டும். கீழே வேரும் தண்டுமாக நிற்பதை வேர்ச்செடி என்போம். மேலே அமர்ந்திருப்பதைத் தலை என்போம். அந்தச் சிவப்புத் தலைக்கு ஒரு வரலாறு உண்டு. தென் அமெரிக்காவில் பராகுவே நாட்டைச் சேர்ந்த ஜிம்னோகாலிசியம் என்னும் சிறு கள்ளியின் நாற்றுக்களிடையே, பச்சையம் சிறிதுமில்லாத சிவப்புக் கன்றுகள் தோன்றியதை ஜப்பான் தேசத்து வதனாபே என்பவர் 1941ஆம் ஆண்டில் கண்டெடுத்தார். பச்சையம் இல்லாத செடி வெயிலிலிருந்து தன் ஆகாரத்தைத் தயாரித்துக்கொள்ள இயலாது. சொந்த வேரில் சில வாரங்களில் மடிந்துவிடும். பச்சைத் தண்டொன்றின் மேல் ஒட்டினால் அத்தண்டு சமைப்பதை உண்டு வாழும். பிற்காலத்தில் கொரியா தேசத்தார் இதைப் பெருந்தொழிலாக்கி உலகெங்கும் அனுப்பலாயினர்.

அவர்கள் பெரும்பாலும் பயன்படுத்தும் வேர்ச்செடி எது தெரியுமா? மூன்று விளிம்புகளையுடைய ஹைலோசீரியஸ் என்னும் கொடிக்கள்ளி. நம் சமவெளி விவசாயிகள் சிலர் இப்பொழுது கல்தூண்களில் ஏற்றி வளர்க்கும் டிராகன் பழக்கொடியும் அதுவேதான். அது விரைவாக வளர்கிறது. எளிதில் வேர் பிடிக்கிறது. தலையை மளமளவென்று பருக்க வைக்கிறது. ஆனால் வெப்பமான மத்திய அமெரிக்கக் காடுகளின் செடி அது. 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழ்ப்பட்ட இரவுகள் தொடர்ந்தால் நோவுறும். உறைபனியைத் தாங்கவே தாங்காது. ஆகவே குளிரில் முதலில் சாவது பெரும்பாலும் கீழேயுள்ள தண்டுதான். தலைக்கு உயிர் இருக்கும்போதே தண்டு குழைந்துவிடுகிறது. பார்ப்பவர் செடியே போயிற்று என்று எறிந்துவிடுகிறார். நானும் அன்று அதைத்தான் செய்தேன்.

குளிர் எவ்வாறு கொல்லுகிறது என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கள்ளியின் உடம்பில் பத்தில் ஒன்பது பங்கு நீர். உறைபனி இரவில் திசுக்களின் இடைவெளியிலுள்ள நீர் பனிக்கட்டியாகி, உயிரணுக்களுக்குள்ளிருக்கும் நீரையும் உறிஞ்சி இழுக்கிறது. அணுக்களின் மெல்லிய உறை கிழிகிறது. காலை வெயில் சுரீரென்று பட்டுப் பனி உருகும்போது சேதம் இன்னும் அதிகமாகிறது. நீர் நிறையக் குடித்த செடியே மிகுதியாகக் கெடும். காய்ந்த மண்ணில் நிற்கும் செடியின் சாறு கெட்டியாக இருப்பதால் அது சற்று அதிகமாகத் தாங்கும். பனிக்காலத்தில் கள்ளிக்குத் தண்ணீரை நிறுத்துங்கள் என்று மூத்த தோட்டக்காரர்கள் சொல்லுவது இதனால்தான்.

இனிச் செய்யவேண்டிய காரியத்துக்கு வருவோம்.

பனி விழுந்த காலையில் வெயில் ஏறுமுன் தொட்டிகளை நிழலான, காற்றோட்டமுள்ள, உலர்ந்த இடத்துக்கு மாற்றுங்கள். திண்ணை போதும். வெந்நீர் தெளிப்பதும், நெருப்பருகே நெருக்கி வைப்பதும், “பாவம், வாடிவிட்டது” என்று தண்ணீர் ஊற்றுவதும் கூடா. அன்றே கத்தியை எடுக்கவும் வேண்டாம். எந்தப் பாகம் செத்தது, எந்தப் பாகம் பிழைத்தது என்பது முதல் நாளில் தெரியாது. மூன்று நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் எல்லைக்கோடு தெளிவாகும். செத்த பாகம் கண்ணாடிபோல் நீர்கோத்துப் பின் பழுப்பாகவோ கறுப்பாகவோ மாறும். தோலின் மீது மட்டும் வெண்மையாகவோ பழுப்பாகவோ தழும்பு தோன்றி, விரலால் அழுத்தினால் உள்ளே கெட்டியாக இருந்தால் அது ஆறிய புண், அதைத் தொடாதீர்கள். அழகு குறையும், உயிர் போகாது.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. குழைந்த பாகம் நாற்றமெடுத்து, காலையில் ஓரங்குலம் இருந்தது மாலையில் ஒன்றரை அங்குலமாக மேலே ஏறுமானால், அது அழுகல். அப்பொழுது ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது. காத்திருப்பதா வெட்டுவதா என்று சந்தேகம் தோன்றினால், குழைந்த பாகத்தின் மேல் எல்லையில் மையால் ஒரு கோடு போட்டு வையுங்கள். மறுநாள் கோட்டைத் தாண்டியிருந்தால் வெட்டுங்கள். இந்தக் கோடு போடும் வழக்கம் எனக்கு நிறையச் செடிகளை மிச்சம் பிடித்துத் தந்திருக்கிறது.

வெட்டும் கருவி மெல்லியதாகவும் கூரியதாகவும் இருக்கவேண்டும். புதிய சவர பிளேடே போதும். ஒவ்வொரு வெட்டுக்கும் முன்பு அதை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடையுங்கள். இந்தத் துடைப்பைச் சோம்பலால் விட்டுவிட்டு, ஒரு செடியின் அழுகலைப் பத்துச் செடிக்குப் பரப்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தண்டு கெட்டுத் தலை உறுதியாயிருந்தால், ஒட்டு இருக்கும் இடத்துக்குச் சற்று மேலாகத் தலையைக் குறுக்கே அறுத்தெடுங்கள். வெட்டிய முகத்தின் நடுவில் ஒரு காசைப் பதித்தாற்போல் வட்டம் தெரியும். சாறு ஏறி இறங்கும் குழாய்களின் வளையம் அது. அவ்வளையத்தில் பழுப்புப் புள்ளி ஒன்றிருந்தாலும் அழுகல் அவ்வழியே ஏறிவிட்டது என்று பொருள். மறுபடி ஒரு மெல்லிய வில்லை சீவுங்கள், மறுபடி பாருங்கள். வளையமும் அதைச் சுற்றியுள்ள சதையும் மாசில்லாமல் தெரியும்வரை சீவிக்கொண்டே போகவேண்டும். இரக்கப்பட்டு ஒரு புள்ளியை விட்டுவைத்தால் பத்து நாளில் தலை முழுவதும் போய்விடும். சீவிச் சீவி நெல்லிக்காயளவே மிஞ்சினாலும் அது போதும்.

தண்டின் அடிப்பாகம் மட்டும் கெட்டு, மேலே நாலு விரற்கடையேனும் பச்சையாக உறுதியாக இருக்குமானால், தலையைப் பிரிக்கவே வேண்டாம். நல்ல இடத்தில் தண்டை அறுத்து, விளிம்புகளைச் சாய்வாகச் சீவி, வெட்டுமுகத்தில் கந்தகத் தூள் தடவி, ஒரு வாரம் பத்து நாள் நிழலில் காய வையுங்கள். பிறகு மணல் மிகுந்த ஈரமற்ற மண்ணில் நிறுத்தினால் தலையோடு கூடவே வேர்விடும். எல்லா வைத்தியங்களிலும் இதுவே எளியது.

இதற்கு மாறாகத் தலை கெட்டுத் தண்டு பிழைத்திருப்பதும் உண்டு. அப்பொழுது தலையைப் படிப்படியாகச் சீவிக்கொண்டு கீழே வாருங்கள். ஒட்டின்மேல் காலணா கனத்துக்குத் தலையின் நல்ல சதை மிஞ்சினாலும், அதன் ஓரத்தில் முள் முளைக்கும் திட்டு ஒன்றிரண்டு இருக்குமானால், அங்கிருந்து குட்டிகள் முளைக்கக்கூடும். ஒன்றுமே மிஞ்சாவிட்டாலும் தண்டை எறியாதீர்கள். வேறொரு தலைக்கு அது வேர்ச்செடி ஆகும். தாய் முழுவதும் செத்து, பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்த மிளகளவுக் குட்டி உயிரோடிருந்து, அதை ஒட்டி வளர்த்த அனுபவமும் எனக்கு உண்டு.

அறுத்தெடுத்த தலையை என்ன செய்வது என்பது அதன் நிறத்தைப் பொறுத்தது. பச்சையம் உள்ள கள்ளியாயின் இரண்டு வாரம் நிழலில் காயவைத்து, வெட்டுமுகம் தோலிட்டபின் மணலில் வைத்தே வேர் பிடிக்கச் செய்யலாம். சிவப்பு, மஞ்சள் தலைகளுக்கு அந்த வழி இல்லை. அவற்றுக்கு வேறொரு பச்சைத் தண்டு வேண்டும். அதுவும் விரைவில் வேண்டும்.

ஒட்டும் முறை கடினமன்று. வேர்ச்செடியைக் குறுக்கே நேராக அறுத்து, விளிம்புகளை மட்டும் சாய்வாகச் சீவுங்கள். இல்லாவிடில் நடுச்சதை காய்ந்து பள்ளமாகும்போது ஒட்டு பிரிந்துவிடும். தலையின் அடியையும் புதிதாக ஒரு வில்லை சீவி, ஈரம் காயுமுன் தண்டின்மேல் வைத்து, சிறிது அழுத்தி நகர்த்திக் காற்றை வெளியேற்றுங்கள். மேல் வளையமும் கீழ் வளையமும் ஓரிடத்திலாவது ஒன்றன்மேல் ஒன்று படவேண்டும். இதுவே உயிர்நிலை. இரண்டும் வெவ்வேறு அளவாக இருந்தால், நடுவில் வைக்கும் ஆசையை விட்டு, ஒரு பக்கமாகத் தள்ளி வையுங்கள். ஒட்டும் முகங்களில் கந்தகமோ சாம்பலோ எதுவும் படக்கூடாது. தொட்டியின் அடிவழியாக இரண்டு ரப்பர் வளையங்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு அழுத்தி வைத்து, பத்து நாள் நிழலில் விடுங்கள். வெட்டில் நீர் படலாகாது.

முறையெல்லாம் சரியாயிருந்தும் நம் மலையில் பல ஒட்டுக்கள் பிடிக்காமற் போவதற்குக் காரணம், அவற்றைக் கட்டுகிற காலம். ஒட்டுப் பிடிக்க இரு செடிகளும் வளரும் நிலையில் இருக்கவேண்டும். 20 முதல் 30 டிகிரி வரையில் வெப்பம் வேண்டும். பனி தாக்குவதோ ஜனவரியில். அப்பொழுது நம் வேர்ச்செடிகள் உறங்குகின்றன. வெயில் வரட்டும் என்று காத்திருக்கவும் அறுத்த தலையால் இயலாது. இதற்கு நான் கண்ட வழி பஸ் ஏறுவதுதான். உதகை 2,200 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையம் மலையடிவாரத்தில் இருக்கிறது. இங்கே பல் கிடுகிடுக்கும் அதே வாரத்தில் அங்கே பகலில் வெயில் நன்றாகக் காய்கிறது. அறுத்த தலைகளைச் செய்தித்தாளில் தனித்தனியே சுற்றி, காற்றுப்போகும் அட்டைப் பெட்டியில் அடுக்கிக் கீழே கொண்டுசென்று, அங்குள்ள வேர்ச்செடிகளில் ஒட்டி, மார்ச்சில் திரும்பக் கொண்டுவருகிறேன். பிளாஸ்டிக் பையில் மாத்திரம் போடாதீர்கள், வேர்த்து அழுகிவிடும். கீழே போக வசதியில்லாதவர்கள், அந்த மூதாட்டி செய்ததுபோல், அடுப்பின் அனல் நேரே படாத சமையலறைப் பலகையில் வைத்துப் பார்க்கலாம்.

வேர்ச்செடிக்கும் அங்கே குறைவில்லை. டிராகன் பழத்தோட்டங்களில் கவாத்துச் செய்து கழிக்கும் தண்டுகள் குவியலாகக் கிடக்கின்றன. மலைக் கிராமத்துப் பெண்கள் குழுவொன்று அடிவாரத்து விவசாயி ஒருவரோடு பேசி வைத்துக்கொண்டால், பனிக்காலத்தில் இடமும் தண்டும் இரண்டுமே கிடைக்கும். இந்த ஏற்பாட்டைத் தனி ஆள் செய்வதைவிடப் பஞ்சாயத்து முன்னின்று செய்வது எளிது.

ஒரு வார்த்தை கண்டிப்பாகச் சொல்லவேண்டும். பனியில் கெட்ட அத்தனை செடிகளுக்கும் வைத்தியம் பார்க்காதீர்கள். விலைக்கு வைத்திருக்கும் சாதாரணச் சிவப்புத் தொட்டி ஒன்றுக்கு நீங்கள் செலவிடும் உழைப்பு அதன் விலையைத் தாண்டிவிடும். அதுவும் அந்த ஆண்டு மே மாத விற்பனைக்குத் தழும்பில்லாமல் தேறாது. குட்டிகளைத் தரும் தாய்ச்செடிகளையும், மறுபடி கிடைக்காத நிறங்களையும் முதலில் பாருங்கள். இருபது தாய்ச்செடி பிழைத்தால் அடுத்த ஆண்டு பண்ணையும் பிழைக்கும். இருநூறு தொட்டிகளுக்கிடையே ஓடி ஓடி, அந்த இருபதையும் கோட்டைவிடுவதே வழக்கமாக நடப்பது.

வேர்ச்செடியை மாற்றுவது பற்றியும் கேட்டிருந்தீர்கள். ட்ரைக்கோசீரியஸ் என்னும் தூண்கள்ளி காய்ந்த மண்ணில் சிறிது உறைபனியைக்கூடத் தாங்கும். அதன்மேல் தலை சற்று மெதுவாகப் பருக்கும். ஆனால் பல ஆண்டு நிற்கும். விற்பனைத் தொட்டிகளுக்கு ஹைலோசீரியஸும், தாய்ச்செடிகளுக்குத் தூண்கள்ளியும் என்று நான் பிரித்துக்கொண்டேன். அதன் பிறகு ஜனவரி இரவுகளில் எனக்குத் தூக்கம் வருகிறது.

பனி விழும் இடத்தையும் பஞ்சாயத்தார் கவனிக்கலாம். குளிர்ந்த காற்று கனமானது. அது தண்ணீரைப்போல் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. ஓடைக்கரையில் வெள்ளையாக உறைந்திருக்கும் அதே காலையில், நூறடி மேலேயுள்ள மேட்டில் புல் பச்சையாகவே இருப்பதை நீங்களே கண்டிருக்கிறீர்கள். ஓலைக்கூரையோ துணிப்பந்தலோ மேலே இருந்தால் தரையின் சூடு வானத்துக்குப் போகாமல் தங்கும். பிளாஸ்டிக் விரிப்பு செடியின்மேல் படிந்து கிடந்தால் பட்ட இடமே உறைந்துவிடும். ஈரச் சருகை மூட்டிப் புகை போடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. புகையால் பனி தடைபடுவது மிகக் குறைவு, கண்ணெரிச்சல்தான் மிகுதி. அதற்குப் பதிலாகப் பஞ்சாயத்து அலுவலகத்தின் பின்னால், பள்ளத்துத் தரையோரமாக, இரவின் மிகக் குறைந்த உஷ்ணத்தைக் காட்டும் வெப்பமானி ஒன்றை வைத்து, நாள்தோறும் கரும்பலகையில் எழுதிப் போடலாம். ஆளுயரத்தில் 3 டிகிரி இருக்கும் தெளிந்த இரவில், புல் நுனியில் உறைநிலை எட்டிவிடக்கூடும். மூன்று நாள் எண்கள் இறங்கிக்கொண்டே வந்தால், நான்காம் நாள் மாலையில் தொட்டிகளைத் திண்ணைக்கு ஏற்றிவிடலாம்.

இந்த மேசையின் மீது பனி தாக்கிய தொட்டிகள் ஐந்து இருக்கின்றன. இவ்வூர்ச் சகோதரிகள் கொண்டுவந்தவை. மூன்றில் கோடு போட்டு நேற்றே வைத்துவிட்டேன். இரண்டில் அழுகல் கோட்டைத் தாண்டியிருக்கிறது. அவ்விரண்டையும் இப்பொழுது உங்கள் முன்னால் அறுத்து வளையத்தைக் காட்டுகிறேன். பின்வரிசையில் இருக்கும் தாய்மார்கள் முன்னே வாருங்கள். பிளேடு உங்களில் ஒருவர் கையில்தான் இருக்கவேண்டும்.